வில்லங்கத்துல வராதது

தள்ளி உக்காராதீக தம்பி, அங்கன வெயிலு. இங்கனயே இருங்க. உங்க ஏஜென்ட்டு இப்போதைக்கு வர மாட்டாப்ல, ஜெராக்ஸ் கடையில கரண்டு இல்லையாம். கையில பிரேஸ்லெட்டு போட்டவருதான? காலையிலயே பாத்தேன். நீங்க பைய இறுக்கிப் புடிச்சிருந்தீக, அவரு உங்கள இறுக்கிப் புடிச்சிருந்தாரு. சிரிக்காதீக, நெசமாத்தேன் சொல்றேன்.

பரமக்குடியா? சரி சரி. வேலை இங்கன பேங்குலயா. சம்சாரம் வரலையா? அட, பேறுகாலத்துக்குப் போயிருக்காகளா! பிள்ளையோட வாரப்ப சொந்த வீட்டுக்குள்ள கால வைக்கட்டும்னு நெனச்சிருக்கீக. நல்ல நெனப்புத்தேன். இன்னைக்கே பதிவா? ம்.

ஒண்ணு கேக்குறேன், தப்பா எடுக்கக் கூடாது. இவர எப்படிப் புடிச்சீக? போன்லயா? ஸ்டாரு போட்டிருந்துச்சா? யாரு போட்டாகளாம் அத? அவரு மச்சினன் போட்டிருப்பான். ஒரு ஆட்டுக்குட்டி வாங்கப் போனாலும் பல்லப் பாக்குறோம், காலத் தூக்கிப் பாக்குறோம். வீடு வாங்கையில தரகன ஒருத்தரும் பாக்குறதில்ல. சட்டை வெள்ளையா இருந்தாப் போதும்.

எனக்கா? எனக்கு இந்தப் பத்திர ஆபீசு வாசல் முப்பது வருசப் பழக்கம். வீடு வாங்கினவுக அழுததயும் பாத்திருக்கேன், வித்தவுக அழுததயும் பாத்திருக்கேன். தரகன் அழுது பாத்ததில்ல.

மொதல்ல, வீட்ட எந்த மாசம் காட்டினாருன்னு சொல்லுங்க. மார்கழியிலயா? அப்ப எல்லாக் கெணத்துலயும் நல்ல தண்ணிதேன் இருக்கும். சித்திரையில வாயில வச்சாத் தெரியும், உப்புக் கரிக்கும். இன்னுஞ் சில பேரு நீங்க பாக்க வாரதுக்கு மொத நாளு லாரித் தண்ணிய வாங்கிக் கெணத்துல ஊத்தி வச்சிருவாக. குடிச்சுப் பாத்துட்டு இளநி கணக்கா இருக்குன்னு அட்வான்ஸக் குடுத்துட்டுப் போயிருவோம்.

மண்டபம் முகாம்ல இருந்த முருகேசு மட்டும்தேன் அதக் கண்டுபுடிச்சாரு. சிலோன்காரரு, அகதியா வந்தவரு. பெயின்டர் வேலை. ஒரு தரகரு தண்ணிய மோந்து குடுத்தாரு. இவரு ஒரு வாய் குடிச்சாரு, துப்பிட்டாரு. அண்ணை, இருவத்தஞ்சு வருசமா முகாமில லாரித் தண்ணிதான் குடிக்கிறன், எனக்கே லாரித் தண்ணியக் காட்டுறீங்களோன்னு கேட்டாரு. அந்தத் தரகருக்கு மூஞ்சி செத்துப்போச்சு.

பாவம் தம்பி அந்த மனுசன். பத்தடிக்குப் பத்தடி ரூம்புல பொண்டாட்டி சந்திரவதனா, மக சுலக்சனா, மூணு பேரு. ஊர்ல பாதி வீட்டுச் செவுரு அவரு அடிச்ச பெயின்ட்டுத்தேன். எங்கட சுவர் எண்டு ஒண்டுக்கு அடிச்சுட்டுச் சாகோணும்னு சொல்லுவாரு. ரெண்டு வருசம் தரகரத்தேன் தேடினாரு, வீட்டத் தேடல. அஞ்சாறு பேர மாத்திட்டாரு. கடைசியில ஒருத்தரப் புடிச்சாரு. திருப்புல்லாணிப் பக்கத்து ஆளு, ஆட்டுத் தரகு பாத்து, பெறகு வீடு மனைன்னு வந்தவரு. அவர எதுக்குப் புடிச்சாரு தெரியுமா? முருகேசுக்கு ரொம்பப் புடிச்ச ஒரு வீட்ட, வேணாம், மழைக்குத் தண்ணி உள்ள ஏறும்னு சொன்ன ஒரே தரகரு அவருதேன். கமிசன் போனாலும் போகட்டும்னு சொன்னாரே, அதுல விழுந்துட்டாரு.

நல்ல வீடாத்தேன் பாத்துக் குடுத்தாரு. அதுல பழுது சொல்ல முடியாது. ஆனா அகதி பேருல பத்திரம் போட ஏலாதுன்னுட்டாக. டெல்லியில அனுமதி வாங்கணும், அது வேணும், இது வேணும்னு சொன்னாக. அலைஞ்சு பாத்தாரு. பெறகு அந்தத் தரகர்ட்டயே வந்து, அண்ணை, உங்கட பேரிலயே போடுங்கோ, எனக்குப் பேர் வேண்டாம், வீடு போதும்னுட்டாரு.

எழுதியா? எழுத்தெல்லாம் ஒண்ணும் இல்ல. தேவிபட்டினத்துக்குப் போனாக. நவபாசாணம், அந்த நவக்கிரகக் கல்லு ஒம்பதும் கடலுக்குள்ள நிக்குதுல்ல, அங்கன இடுப்பளவு தண்ணியில நின்னாக. தரகரு மூணு முங்கு முங்கி எந்திரிச்சு, இது உன் வீடு, என் பேரு வெறும் பேருதேன்னு சொன்னாரு. முருகேசு அவரு கையப் புடிச்சுக்கிட்டு அழுதாரு. நம்ம பக்கத்துல அப்பிடித்தேன் தம்பி. கடல்ல நின்னு சொன்னத மீற மாட்டாகன்னு ஒரு நம்பிக்கை. எழுதிக் கேட்டா மரியாதைக் கொறச்சல்னு நெனப்பு.

நீங்க வில்லங்கம் போட்டுப் பாத்தீகளா? சுத்தமா வந்துச்சா? வரும். கடல்ல சொன்னது வில்லங்கத்துல வராது தம்பி.

போன ஐப்பசியில முருகேசு செத்துப்போனாரு. நெஞ்சுவலி. தரகரோட மகன் பீரோவுல பத்திரத்தப் பாத்துட்டான். இது யாரு வீடு அய்யான்னு கேட்டான். அப்பன் விவரம் சொன்னாரு. அவன் கேட்டுட்டு, பணம் குடுத்தவரு போயிட்டாரு, ஒரு பொம்பள, ஒரு பொட்டப்புள்ள, யாரு வந்து கேக்கப் போறா, வில்லுன்னான். மாட்டேன்னாரு தரகரு. பத்து நாளு அப்பனும் மகனும் பேசல. பதினோராம் நாளு பூச்சி மருந்து டப்பாவத் தொறந்து வச்சுக்கிட்டு உக்காந்துட்டான். ஒத்தப் புள்ள தம்பி. மருமகக்காரி கால்ல விழுறா. என்ன செய்வாரு? சரின்னுட்டாரு.

அதுனால சொல்றேன், வாங்குறவுகளயும் விக்கிறவுகளயும் ஒருத்தர ஒருத்தர் பாக்க விடாத தரகன் வேணவே வேணாம். உங்க வீட்டுக்காரரப் பாத்தீகளா? வயசான ஆளு, காது கேக்காது, எல்லாம் மகன்தேன் பேசுறாருன்னு சொன்னாரா? நெனச்சேன். வீட்டுக்குள்ள இருந்தவுககிட்டயாவது பேசினீகளா? வாடகைக்கு இருக்காக, அடுத்த மாசம் காலி பண்ணிருவாகன்னாரா... அந்தப் பொம்பள சேரத் தொடச்சு வெளிய போட்டுச்சா? போடும். வரிக்கு வீட்ட அளக்க வந்த ஆபீசருன்னுதேன் அதுட்டச் சொல்லியிருக்காக. நல்லா வீட்டச் சுத்திக் காட்டியிருக்குமே. முன் ரூம்புச் செவுரு பச்சைக் கலரு, பாத்தீகளா? முருகேசு அடிச்சது. ரெண்டாவது கோட்டு அடிக்க ஆளு இல்ல.

ஏன் தம்பி எந்திரிக்கிறீக? உக்காருங்க. எனக்குக் காது நல்லாக் கேக்கும். யார்ட்டயும் பேசக் கூடாதுன்னுதேன் அந்தா அந்த மூலையில உக்கார வச்சிட்டுப் போனான் எம்மவன். காளீஸ்வரன், உங்களுக்குத் தெரிஞ்சிருக்குமே.

என்னைய அப்பிடிப் பாக்காதீக. உள்ள போனா, சம்மதத்தோடதேன் எழுதிக் குடுக்குறீகளான்னு கேப்பாக. நான் ஆமான்னுதேன் சொல்லுவேன். அவன் பக்கத்துல நிப்பான், என்னால வேற சொல்ல முடியாது. முடிஞ்சிருந்தா இங்கன வந்து உங்ககிட்ட உக்காந்திருக்க மாட்டேன். உங்க முன்னால மருந்து டப்பா ஒண்ணும் இல்ல தம்பி. நீங்க வேணாம்னு சொல்லலாம்.

அந்தா, ராக்கப்பன்னு என் பேரக் கூப்பிடுறாக. அடுத்தாப்ல உங்க பேருதேன் வரும். கையக் குடுங்க, மொழங்கால் பிடிச்சுக்கிருச்சு.