சந்துல விழுற குண்டு

— நான் உங்கிட்ட என்ன மாப்ள சொன்னேன்? ஸ்பிரிங்க மாத்திக் குடுன்னு சொன்னேன். துப்பாக்கிய நேராக்கிக் குடுன்னு சொன்னேனா?

— கோணலா இருந்துச்சு அத்தான். அப்படியே விட மனசு வரல.

— மனசு வரலையாம்! கடையத் தொறந்து கொஞ்ச நேரந்தான் ஆகுது, பலூன் சுவரு பாதி மொட்டையாயிடுச்சு. சோடாபுட்டிக் கண்ணாடி போட்ட கெழவி ஒருத்தி, துப்பாக்கிய தொடப்பக்கட்டை மாதிரி புடிச்சுக்கிட்டு சுடுறா, சுட்டதெல்லாம் டப்பு டப்புன்னு வெடிக்குது. பெரிய கரடி பொம்மைய இடுப்புல தூக்கி வெச்சுக்கிட்டுப் போறா. அடுத்து நான் சுட்டுக் காட்டுறேன், எனக்கு ஒண்ணுகூடப் படல. சனம் கை தட்டிச் சிரிக்குது.

— அப்ப துப்பாக்கி நல்லா சுடுதுன்னு சொல்லுங்க.

— வாய மூடு. எங்கெங்க கைய வெச்ச? ஒண்ணொண்ணா சொல்லு.

— குறி பாக்க குழல் முனையில நிக்கிற முள்ளு வலப்பக்கம் சாஞ்சு கெடந்துச்சு. குறடால புடிச்சு நிமித்தினேன். பின்னாடி கண்ணு வெச்சுப் பாக்குற காடி இடப்பக்கம் ஒதுங்கி இருந்துச்சு. திருகாணியத் தளத்தி நடுவுக்குக் கொண்டாந்தேன். அப்புறம் குழல மடக்குற கீல்ல ஒரு பக்கம் மட்டும் தகரத் துண்டு. எந்த மடப்பய சொருகினானோ, புடுங்கிப் போட்டேன்.

— அந்த மடப்பய நாந்தான்.

— தெரியும் அத்தான்.

— தெரிஞ்சேவா செஞ்ச? அடப்பாவி! இது இருக்கிறதுலயே மட்டமான ஸ்பிரிங் துப்பாக்கி. நேரா சுட வெக்கிறதே பாடு, அளவா கோணலாக்குறது எவ்ளோ கஷ்டம்னு தெரியுமா உனக்கு? கண்டபடி கோணினா குண்டு எங்கியோ போகும், ஆளுக்கு சந்தேகம் வந்துடும். ரெண்டு பலூனுக்கு நடுவுல இருக்குற சந்துல, அந்த சந்துல மட்டும் போய் விழணும். 'ஐயோ, மயிரிழையில தப்பிச்சிருச்சே'ன்னு அவனே திரும்பத் துப்பாக்கிய எடுக்கணும். அதான்யா தொழிலு! தையல் மிஷினுக்கு எண்ணெய் விடுற மூளைக்கு இதெல்லாம் எங்க எட்டும்?

— தையல் மிஷின் கோணலா தெச்சா என்னைச் செருப்பால அடிப்பாங்க. உங்கள இன்னும் யாரும் அடிக்கலையே, அதான் எனக்கு ஆச்சரியம்.

— நான் சுட்டா வெடிக்குதுல்ல? அப்புறம் எவன் வாயத் தொறப்பான்?

— நீங்க மட்டும் எப்படி சுடுறீங்க?

— பலூனைப் பாக்கவே மாட்டேன். அதுக்கு வலப்பக்கம் இருக்குற சந்தைப் பாத்து சுடுவேன். குண்டு தானா இடப்பக்கம் ஒதுங்கி பலூன்ல ஏறும். உங்க அக்காவுக்கே தெரியாத ரகசியம்.

— பெத்த பொண்ணோட வயித்துல அடிக்கத்தான் இவ்ளோ ரகசியமா?

— ஓஹோ! அதான பாத்தேன். நோவு அங்க இருக்கா?

— என்ன சொன்னீங்க அவகிட்ட? ராட்டினக்காரர், பஞ்சு மிட்டாய்க்காரம்மா எல்லாரையும் வெச்சுக்கிட்டு சொன்னீங்களே. 'இந்தத் துப்பாக்கியால பத்துக்குப் பத்து ஒடைச்சுக் காட்டு, துறைமுகத்துல கிரேன் ஓட்டக் கத்துக்க நானே உன்னை பஸ் ஏத்தி விடுறேன்'னு. சொன்னீங்களா இல்லையா?

— சொன்னேன். பலூன் ஊதுற கழுதைக்குக் கிரேன் கேக்குதாம் கிரேன்! முடியாதுன்னு சொன்னா அழுவா. அவ அழுதா உங்க அக்கா எனக்குச் சோறு போட மாட்டா. பந்தயத்துல தோத்துட்டான்னு வெய்யி, அப்புறம் யாரும் வாயத் தொறக்க முடியாதுல்ல?

— கோணல் துப்பாக்கிய நீட்டிட்டுப் பந்தயமா? வெக்கமா இல்ல உங்களுக்கு?

— வெக்கப்பட்டா கடை நடக்குமா? அவ போயிட்டா இங்க யார் நிப்பா, நீயா?

— ஊதி ஊதி அவ கன்னம் தொங்கினதுதான் மிச்சம். அவளுக்குன்னு ஒண்ணு கேட்டது இதுதான் மொத தடவ. தோத்தாலும் நியாயமா தோக்கட்டும்னுதான் நேராக்கினேன்.

— உன் நியாயத்த மிஷின்ல வெச்சுத் தையி. இப்ப குறட எடு. இருந்தபடியே வளைச்சு வெய்யி.

— என் கையால மாட்டேன்.

— மாட்டியா? தள்ளு அப்படி. தகரம் எங்க, குப்பையிலயா? பொறுக்கிக் குடு. அதுக்கும் மூஞ்சியத் தூக்கி வெச்சுக்கிறான் பாரு... ம், கீலு ஆச்சு. காடி இன்னும் கொஞ்சம் இடப்பக்கம்... போதும். இப்ப முள்ளு.

— முறிஞ்சிடப் போகுது.

— முறிக்கிறதுக்கு நான் என்ன நீயா? சாஞ்சுது பாரு, அழகா. இப்ப பலூனைப் பாத்து சுடுறேன். எங்க போச்சு?

— சந்துல.

— இப்ப சந்தைப் பாத்து... டப்! இப்பத்தான் இது என் துப்பாக்கி.

— உங்க முகத்தப் பாக்கவே அருவருப்பா இருக்கு அத்தான்.

— பாக்காத. அங்க பாரு, உன் அக்கா மக வர்றா, பின்னாடியே ஊரையும் கூட்டிக்கிட்டு. வாங்க ராட்டினக்காரரே, நீங்களே சாட்சி! பஞ்சு மிட்டாய்க்காரம்மா, நீங்களும் கேட்டுக்கங்க. இனி இந்தத் துப்பாக்கிய எவனும் தொடக்கூடாது. நானும் தொட மாட்டேன். ஒரு திருகாணிய அசைச்சேன்னா நான் தோத்ததா வெச்சுக்கங்க. போதுமா? இந்தா மகாராணி, புடி. நல்லாப் பாத்து சுடு.

— முள்ள மறுபடி சாச்சுட்டீங்களாப்பா? அப்பாடா! தெனமும் நீங்க வர்றதுக்கு முன்னாடி சந்தைப் பாத்து சுட்டே எனக்குக் கை பழகிடுச்சு. மாமா நேராக்கி வெச்சதுல காலைல சுட்டுப் பாத்தேன், எனக்கு ஒரு பலூன்கூட வெடிக்கல.