அன்புக் கேடயம் வாங்கின கிளாஸ்

ஐயோ, இதெல்லாம் எதுக்கும்மா? ஆப்பிளா? அந்தப் பையை அப்படியே கீழ வைங்க. கோபமெல்லாம் இல்ல. கிளம்பும்போது கொடுக்கணும்னு தோணினா கொடுங்க, வாங்கிக்கிறேன். முதல்ல உக்காருங்க. அந்த ஓரம் வேண்டாம், பெஞ்சுக்கு ஒரு கால் ஆடும். இப்படி ஃபேனுக்குக் கீழ வாங்க. பெரிய சிஸ்டர் ஜெபத்துல இருக்காங்க. முடிஞ்சதும் மணி அடிப்பாங்க, அப்ப உள்ள போலாம். கால் மணியும் ஆகும், அரை மணியும் ஆகும். அவங்களும் ஆண்டவரும் பேசிக்கிட்டு இருக்கும்போது நாம நடுவுல போக முடியுமா?

ஆமாம்மா, கதவை நான்தான் திறந்தேன். சனிக்கிழமை காலைல. ஸ்டோர் ரூம் ஆயா நான்தான். எனக்கு நன்றியெல்லாம் சொல்லாதீங்க. வேண்டாம்னு சொல்றேன்ல.

பாப்பா எப்படி இருக்கு? சாப்பிடுதா? ம்ம்... பேசுதா? ஒரு வார்த்தை கூடவா? பதினோரு நாளாச்சே. டாக்டர் என்ன சொல்றாரு? தொண்டையில ஒண்ணும் இல்லேன்னுதான் சொல்வாரு. தொண்டையில என்ன இருக்கப் போகுது.

எனக்கு அது வாயாடிம்மா. அப்படித்தான் கூப்பிடுவேன், கோச்சுக்காதீங்க. இந்த வராந்தாவுல நான் துடைச்சுக்கிட்டு வந்தா பின்னாலயே வரும். ஆயா, உங்க துடைப்பத்துக்குப் பேர் வச்சிருக்கீங்களா? ஆயா, பெரிய சிஸ்டர் தூங்கும்போதும் கண்ணாடி போட்டுப்பாங்களா? ஈரத் தரையில கால் வச்சுட்டு, நான் வைக்கல ஆயா, தரைதான் வந்து ஒட்டிக்கிச்சுங்கும். வாயுள்ள பிள்ளை பிழைக்கும்னு சொல்வாங்க. நானும் அப்படித்தான் நெனச்சேன்.

கையில என்ன, இந்த வாரத்துத் தாளா? கேட்டுல கொடுத்தாங்களா? அதை மடிக்கிறதும் நான்தான், அறுநூறு தாள். தினமும் மத்தியானம் ஸ்டோர் ரூம்ல கட்டுக்கட்டா வச்சு மடிப்பேன். யார் வீட்டுல குழந்தை பிறந்திருக்கு, எந்த டீச்சரோட அப்பாவுக்கு ஆபரேஷன், யாருக்காக ஜெபிக்கணும், எல்லாம் இதுல வந்துடும். எனக்கு எழுத்துக்கூட்டித்தான் படிக்க வரும். ஆனா மேல கட்டம் போட்டுப் போட்டிருக்கே, அது மட்டும் மனப்பாடம். நல்ல வார்த்தை இருந்தால் பேசு, இல்லையேல் மௌனம் காப்பாய். அதான? எல்லா கிளாஸ் சுவத்துலயும் எழுதி வச்சிருக்காங்க. எங்க ஸ்டோர் ரூம் கதவுல கூட ஒட்டியிருக்கு.

அதுக்குக் கீழ உங்க பாப்பா சேதி. படிச்சுப் பாத்தீங்களா? ஸ்டோர் ரூம் கதவு பலத்த காற்றில் சாத்திக்கொண்டது, நம் பள்ளிக் குடும்பத்தின் அன்பாலும் ஜெபத்தாலும் மாணவி நலமுடன் மீட்கப்பட்டார். நலமுடனாம். இன்னைக்கு உங்ககிட்ட கையெழுத்து வாங்கப் போற லெட்டர்லயும் அதேதான் இருக்குன்னு ஆபீஸ் கிளார்க் சொல்லிச்சு. காத்துதான் காரணம், யார் மேலயும் குத்தம் இல்ல, அப்படின்னு. போடலாமா வேணாமான்னு என்கிட்டயா கேக்கறீங்க? கொஞ்சம் இருங்கம்மா. நான் சொல்றதைக் கேட்டுட்டுப் போடுங்க.

ஆபீஸ் வாசல்ல அந்த நீலப் பெட்டி தெரியுதா? அன்புப் பெட்டி. எந்தப் பிள்ளை என்ன நல்லது பண்ணுச்சோ அதைச் சீட்டுல எழுதிப் போடணும். இவ பென்சில் கொடுத்தா, அவ கீழ விழுந்தவளைத் தூக்கி விட்டா, அந்த மாதிரி. திங்கக்கிழமை பிரேயர்ல மைக்ல படிப்பாங்க. எந்த கிளாஸ்ல சீட்டு நிறைய வருதோ, புகாரே இல்லையோ, அந்த கிளாஸுக்குக் கேடயம். பித்தளைக் கேடயம். வாராவாரம் தேய்ச்சுத் தேய்ச்சு என் கை ரேகையே அழிஞ்சு போச்சு. ஆரம்பத்துல நல்லாத்தான் இருந்துச்சு. அப்புறம் பாத்தா, ஒரு குட்டி இன்னொரு குட்டியோட பென்சிலை ஒளிச்சு வைக்கும், அப்புறம் தேடிக் கொடுக்கும், உடனே ஒரு சீட்டு. நான் பாத்துச் சிரிச்சிருக்கேன். பிள்ளைங்கதானேன்னு.

உங்க பாப்பா கிளாஸ்ல ஒரு லீடர் பொண்ணு இருக்கு பாருங்க, ரெட்டை ஜடை. அது தன் பேரைத் தானே எழுதிப் போட்டுக்கும். கூட இருக்கறதுங்களைக் கிள்ளி எழுத வைக்கும். எல்லாருக்கும் தெரியும். யாரும் சொல்லல. நம்ம வாயாடி சும்மா இருக்குமா? எழுதிப் போட்டுடுச்சு. லீடர் கிள்ளுறா, சீட்டெல்லாம் பொய்யின்னு. அன்புப் பெட்டியில விழுந்த முதல் புகார் அதுதான். அந்த வாரம் கேடயம் பக்கத்து கிளாஸுக்குப் போயிடுச்சு.

வீட்டுல சொல்லலையா? இதைக் கூடவா? ம்ம்.

பாப்பாவோட கிளாஸ் டீச்சர் இருக்காங்களே, கண்ணாடி டீச்சர், அவங்களுக்குத் தாங்கல. அவங்க கெட்டவங்க இல்லம்மா, கேடயம்னா உசுரு, அவ்வளவுதான். கிளாஸை எழுப்பி நிக்க வச்சுச் சொன்னாங்க. நான் வெளியில ஜன்னல் துடைச்சுக்கிட்டு இருந்தேன், என் காதால கேட்டேன். ஒருத்தரைப் பத்திச் சொல்ல நல்ல வார்த்தை இல்லேன்னா வாயே திறக்காதீங்க. சுவத்துல எதுக்கு எழுதியிருக்கு? அப்படின்னாங்க. உங்க பாப்பாவுக்குத்தான் சொன்னாங்க. ஆனா மத்த நாப்பத்தி மூணும் கேட்டுச்சுங்க.

பிள்ளைங்க நாம சொல்றதை அப்படியே எடுத்துக்கும்மா. வளைக்கத் தெரியாது. அவளைப் பத்திச் சொல்ல நல்ல வார்த்தை இல்ல, அதனால அவகிட்ட வாய் திறக்கக் கூடாது. முடிஞ்சுது. மறுநாள்லேர்ந்து ஒருத்தியும் பேசல. திட்டு கிடையாது, கேலி கிடையாது, தள்ளி விடுறது கிடையாது. பேர் சொல்லிக் கூப்பிட்டா திரும்பாதுங்க. ரப்பர் கேட்டா, கேட்டது காதுலயே விழாத மாதிரி நோட்டைப் புரட்டும். பந்து விளையாடும்போது பந்து உங்க பாப்பாகிட்டப் போனா ஆட்டம் அங்கேயே நின்னுடும், வேற பந்து எடுத்துப்பாங்க. டீச்சர் கண்ணுக்கு அது ஒழுக்கமா தெரிஞ்சுது. நாலு வாரம் வரிசையா கேடயம் அந்த கிளாஸுக்குத்தான். புகாரே இல்லையே! இந்தத் தாள்லயே போட்டாங்க, அன்பிலும் மரியாதையிலும் சிறந்த வகுப்புன்னு. போட்டோவுல பாருங்க, எல்லாம் பல்லைக் காட்டிக்கிட்டு நிக்குது. ஓரத்துல ஒரு கை மட்டும் தெரியுதா? அது உங்க பாப்பா கைதான்.

தண்ணி குடிங்கம்மா. இந்தாங்க. முகமே வெளுத்துப் போச்சே.

மத்தியானம் சாப்பாட்டு டப்பாவை எடுத்துக்கிட்டு ஸ்டோர் ரூமுக்கு வந்துடும். நான் தாள் மடிப்பேன், அது கட்டு மேல உக்காந்து சாப்பிடும். காலைலேர்ந்து சேத்து வச்ச பேச்சையெல்லாம் என்கிட்ட கொட்டும். காதுக்குள்ள குருவிக் கூட்டம் புகுந்த மாதிரி இருக்கும். ஒருநாள் கண்ணாடி டீச்சர் எட்டிப் பாத்தாங்க. என்னைத் தனியாக் கூப்பிட்டு, ஆயா, நீங்க செல்லம் கொடுக்காதீங்க, உங்ககிட்டயே ஒட்டிக்கிட்டா அது கிளாஸோட எப்படிச் சேரும்? அது மேல அன்பு இருந்தா நீங்களும் கொஞ்ச நாள் பேசாம இருங்கன்னாங்க. அன்பு இருந்தாங்கற வார்த்தையைத்தான் சொன்னாங்க. நானும் சரின்னு வாக்கு கொடுத்தேன்.

பேசாம இருந்தேன்.

எட்டு நாள். படிச்சவங்க சொல்றாங்க, நமக்கென்ன தெரியும்னு நெனச்சேன். வேலையும் வேணும்ல? முதல் நாள் வந்து, ஆயா ஆயான்னுச்சு. நான் தாளை மடிச்சேன். ரெண்டாம் நாள், ஆயா, உங்களுக்கும் நான் தெரியலையான்னு கேட்டுச்சு. நான் தாளை மடிச்சேன். மூணாம் நாள்லேர்ந்து அது ஒண்ணும் கேக்கல. ஆனா வரும். வந்து அலமாரிக்குப் பின்னால, கட்டுங்களுக்கு நடுவுல உக்காந்துக்கும். சாப்பிடுற சத்தம் கூட வராது.

அந்த வெள்ளிக்கிழமை நீங்க எத்தனை வீட்டுக்குப் போன் போட்டீங்க? முப்பதா? எந்தப் பிள்ளையாவது தெரியாதுன்னு சொல்லிச்சா? யோசிச்சுப் பாருங்க. போனை வாங்கும், பேர் கேட்டதும் அப்படியே அம்மா கையில கொடுத்துடும், அதான? அதுங்களுக்குத் தெரியும்மா. நாப்பத்தி மூணுக்கும் தெரியும் அது எங்க போய் உக்காரும்னு. வாயே திறக்கக் கூடாதுன்னு சொன்னதை அதுங்க காப்பாத்துச்சுங்க.

வாட்ச்மேனா? டார்ச் அடிச்சு மூலை மூலையாப் பாத்தேன்னு சொன்னாருல்ல உங்ககிட்ட? அவர் ஸ்டோர் ரூம் பக்கமே போகல. போயிருந்தா ஒண்ணு கண்ணுல பட்டிருக்கும். அதனாலதான் இப்ப காத்துன்னு சொன்னா அவரும் தலையை ஆட்டுறாரு.

காத்து கதவைச் சாத்தும்மா. ஒத்துக்கறேன். கொண்டி கூட விழும். காத்து பூட்டு போடுமா?

பூட்டு தொங்குச்சும்மா. பித்தளைப் பூட்டு, இவ்வளவு பெருசு. சனிக்கிழமை யாரும் வர்றதுக்கு முன்னாடி நான் வந்து திறந்தேன். திறந்துட்டு, சிஸ்டர்கிட்ட ஓடிப் போய், காத்துல சாத்திக்கிச்சு சிஸ்டர்னு முதல்ல சொன்னதும் நான்தான். அதைத்தான் அவங்க தாள்ல போட்டாங்க.

இருங்க, இருங்க, எழுந்திரிக்காதீங்க. அன்னைக்கு மத்தியானம் பூட்டப் போனப்ப அலமாரிக்குக் கீழ ரெண்டு ஷூ நுனி தெரிஞ்சுது. நான் பாத்தேன். வெளிய வா கண்ணுன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். டீச்சருக்கு வாக்கு கொடுத்திருக்கேனே. சரி, பூட்டுற சத்தம் கேட்டா, ஆயான்னு அதுவா கத்தும், நான் திறப்பேன், சிரிச்சுக்குவோம், அது முதல்ல பேசினதா இருக்கட்டும், நான் வாக்கு மீறினதா இருக்க வேணாம்னு நெனச்சேன். என் கிழட்டு புத்தி. பூட்டைப் போட்டேன். சாவியைத் திருப்பினேன். நின்னேன். உள்ள அது என் ஒரு வார்த்தைக்கு உக்காந்திருக்கு, வெளிய நான் அதோட ஒரு வார்த்தைக்கு நிக்கறேன்.

கத்தல.

அப்ப மாசக் கேடயம் கொடுக்கற விழாவுக்கு நாற்காலி தூக்கணும்னு சிஸ்டர் கூப்பிட்டாங்க. ஓடினேன். நாப்பது நாற்காலி. அப்புறம் வந்தவங்களுக்குத் தண்ணி, மேடைக்குத் துணி. நெனப்பு வந்தப்ப பஸ்ல பாதி தூரம் போயிட்டேன். இறங்கியிருக்கலாம். இந்நேரம் கத்தியிருக்கும், யாராவது திறந்திருப்பாங்கன்னு சொல்லிக்கிட்டேன். நெனச்சேன்னு சொல்ல மாட்டேன். சொல்லிக்கிட்டேன்.

அப்புறம் வீட்டுக்கு வாட்ச்மேன் போன் பண்ணாரு. பாப்பா அம்மாவும் அப்பாவும் கேட்டுல நிக்கறாங்க, நீங்க எங்கயாவது பாத்தீங்களா ஆயான்னு. பின்னால உங்க அழுகைச் சத்தம் கேட்டுச்சும்மா. சாவி இந்த இடுப்புலதான் இருந்துச்சு. பூட்டினது நான்னு தெரிஞ்சுடுமே, விடியறதுக்குள்ள போய் நானே திறந்துடலாமேன்னு... பாக்கலன்னு சொன்னேன்.

காலைல திறந்தப்ப அது அந்தக் கட்டு மேல உக்காந்திருந்துச்சு. தூங்கல. அழல. என்னை ஏறிட்டுப் பாத்துச்சு, சுவத்தைப் பாக்கற மாதிரி. பையை எடுத்துக்கிட்டு என்னைத் தாண்டிப் போயிடுச்சு. யார் பூட்டினதுன்னு உலகத்துல அதுக்கும் எனக்கும்தான் தெரியும். அது சொல்லாதும்மா. அதான் நான் சொல்றேன்.

இவ்வளவு நாள் ஏன் சொல்லலையா? இனிமேலும் சொல்லியிருக்க மாட்டேனோ என்னவோ. நேத்து மத்தியானம் ஸ்டோர் ரூம் வாசல்ல வேற ஒரு குட்டி வந்து நின்னுச்சு, கையில சாப்பாட்டு டப்பாவோட. அதே கிளாஸ். உள்ள வரலாமான்னு கூட வாயால கேக்கல, கண்ணாலதான் கேட்டுச்சு. பாப்பா எங்கன்னு அது கிளாஸ்ல கேட்டுடுச்சாம். பேரைச் சொல்லிக் கேட்டுடுச்சாம். அதுலேர்ந்து அதுகிட்டயும் யாரும் பேசறதில்லையாம்.

மணி அடிச்சுட்டாங்க. போங்கம்மா, உங்களைத்தான். பேனாவைக் கையில எடுக்காதீங்க. இந்தாங்க சாவி, இதைச் சிஸ்டர் மேசை மேல வைங்க. காத்துக்கு இடுப்புல சாவி தொங்குமான்னு கேளுங்க. என்னை வந்து நிக்கச் சொன்னா வந்து நிக்கறேன். பழப் பையை எடுத்துட்டுப் போயிடுங்க.

ஏதாவது சொல்லுங்கம்மா. திட்டுங்க. நீயெல்லாம் ஒரு மனுஷியான்னு கேளுங்க. இவ்வளவு நேரம் பேசிக்கிட்டு இருந்தீங்களே... என்னை ஏன் அப்படிப் பாக்கறீங்க? அதே பார்வைம்மா. அது பாத்த அதே பார்வை. அம்மா? ஒரே ஒரு வார்த்தை. கெட்ட வார்த்தையா இருந்தாலும் பரவால்ல.