சாப்பிட்டாச்சானு கேட்டேன்

ஹலோ... ஹலோ, வடிவு? மங்கைதான் பேசறேன், காஞ்சிபுரத்துலேர்ந்து... ஆமா, ட்ரங்க் கால். தெருமுனை ஜவுளிக்கடை போன். சத்தமா பேச முடியாது, ஆளுங்க இருக்காங்க.

ஆமா, ஆமா, அதுக்குத்தான். பெரிய ஆஸ்பத்திரி பல் வார்டுல ஒரு வருஷம் ஹவுஸ் சர்ஜன் வேலை, வேணாம்னு சொல்லிட்டு வந்தேன் இல்ல? யாரையாவது போட்டுட்டாங்களா?... சாயந்தரத்துக்குள்ள சொல்லணுமா?... இரு, திட்டாத. இங்க வூட்டு முன்கட்டுல வெச்ச கிளினிக் நல்லாத்தான் போவுது. அதான் பயமா இருக்குது.

நேத்து கலியாணசுந்தரம் பெரியப்பா வந்தாரு. அப்பாவோட கூட்டாளி, அவரும் தறிக்காரருதான். கடவாப்பல்லு. ஊசி போட்டு எடுத்தேன், சுளுவா வந்துட்டுது. எழுந்தவரு வேர்த்து ஊத்தி அப்படியே சாஞ்சுட்டாரு... இல்லடி, ஊசியால இல்ல. நானும் அப்படித்தான் நெனைச்சேன். படுக்க வெச்சு காலைத் தூக்கிப் புடிச்சேன். கண்ணே தொறக்கல. ரிக்‌ஷாவுல போட்டுக்கினு ஆஸ்பத்திரிக்கு ஓடினேன்.

ஆமா... ஆமா, அதேதான். சர்க்கரை வியாதி. காலையில மாத்திரைய முழுங்கிட்டு, கிருத்திகைனு பட்டினி.

கேட்டேன்டி. உள்ள வந்ததும் சாப்பிட்டாச்சானு கேட்டேன். ஆச்சும்மானு சொன்னாரு... அதான். இன்னொருத்தர் வூட்டுல கேட்டா பசியோட இருக்கறவங்களும் அதான சொல்லுவாங்க. நான் டாக்டரா கேட்டேன். அவரு, கூட்டாளி பொண்ணு உபசாரம் பண்ணுதுனு நெனைச்சுக்கினாரு. சர்க்கரை இருக்குதானு நான் கேக்கவே இல்ல, வடிவு.

இருக்காரு, இருக்காரு. குளுக்கோஸ் ஏத்தினதும் எழுந்து உக்காந்துட்டாரு. இப்ப இன்னா கூத்துன்னா, பொண்ணு கூடவே ஓடிவந்து உசுரைக் காப்பாத்திச்சுனு தெருத்தெருவா சொல்லிக்கினு இருக்காரு. காலையில வாசல்ல கூட்டம். அதுல ஒரு அம்மாவுக்கு நாலு அடி நடந்தா மூச்சு வாங்குது. கொறடை எடுக்கவே கை வரல. தலைவலினு சொல்லி எல்லாரையும் அனுப்பிட்டேன்.

தெரியும்... ஒரு வருஷம் வீணுன்னு அன்னிக்கு நான்தான் சொன்னேன். பல்லைப் பிடுங்கத் தெரிஞ்சுது எனக்கு. பல்லுக்குப் பின்னால ஒரு ஆள் இருக்காரே, அவரைப் பாக்கத் தெரியல. அங்கன்னா பக்கத்துல கேக்கறதுக்கு யாராவது இருப்பாங்க.

அப்பாவுக்கா? தெரியாது. எனக்காக முன்கட்டுத் தறியையே பின்னால மாத்திப் போட்டாரு. நேத்திலேர்ந்து பெருமையில அவரு நடையே வேற மாதிரி இருக்குது. அவர் கிட்ட போய் நான் இன்னா சொல்ல?...

ம்... ம்... சரி. எழுதச் சொல்லு. இல்ல, இரு... ஆமா, என் பேரை எழுதச் சொல்லிடு. திங்கக்கிழமை வந்துடறேன்.

ஆங், ஆபரேட்டர், இன்னொரு மூணு நிமிஷம் போடுங்க... வடிவு, அப்பா கடைக்குள்ள வராரு. பெரியப்பாவும் கூட வராரு, கையில தேங்கா பழத் தட்டு. சிரிச்சுக்கினு வராங்க... போனை வெக்காத. ஒண்ணும் பேசாத, சும்மா லைன்ல இரு. யாராவது இருந்தாதான் எனக்கு வாய் வரும்.

அப்பா, இப்படி உக்காருங்க... ஒண்ணும் இல்ல, உக்காருங்க. பெரியப்பா உசுரைக் காப்பாத்தினது நான் இல்லப்பா. அது போவப் பாத்ததே என்னாலதான்...

மீதிய நானே சொல்லிக்கறேன். வெச்சுடறேன், வடிவு.