பத்தொம்போது புள்ளி

நக்கோ, வேணாம் தம்பி, அந்த விசிட்டர் ஸ்லிப்ப இன்னும் வாட்ச்மேன்கிட்ட குடுக்காதீங்க. உள்ள போனா எங்க மேலதிகாரி பத்மநாபன் சாரு ரெண்டே நிமிசத்துல வெளிய அனுப்பிடுவாரு. உக்காருங்க. முதல்ல டீ குடிங்க. இரானி டீ, பால் தூக்கலா இருக்கும்.

நானும் இதே சர்வே ஆபீஸ்தான். டிராயிங் செக்‌ஷன், மேப் வரையறவன். வீடு இந்த ஊர்லயே, அல்வால்ங்கற ஏரியாவுல. கேட்டுல தமிழ் தெரியாத வாட்ச்மேன்கிட்ட நீங்க தமிழ்ல மல்லுக்கட்டிக்கிட்டு இருந்தீங்களே, அதக் கேட்டுத்தான் வந்தேன்.

சேம்பாறையா உங்க ஊரு? ம். இருபத்தொரு வீடா? பத்தொம்போது இல்ல? ஓ, ரெண்டு வீடு அப்புறம் கட்டுனதா. சரி சரி. இல்லீங்க, எனக்கு எப்படித் தெரியும்? சும்மா ஒரு குத்துமதிப்பு.

உங்க மலைக்கு வர்ற அந்த வனத்துறை திட்டம் ஒண்ணும் கெட்ட திட்டம் இல்ல தம்பி. படிச்சிருக்கேன். காடும் பொழைக்கணும், காட்டுல இருக்கற ஜனமும் பொழைக்கணும்னுதான் எழுதியிருக்கு. வெறகு வெட்டறத கொறைக்க சாண எரிவாயு அடுப்பு, ஓடையில தடுப்பணை, ஆடு மேய தனி எடம், தேன் எடுக்க சங்கம். எட்டு ஊருக்கு இதெல்லாம் உண்டு. உங்க ஊரு மேப்புல இல்ல. மேப்புல இல்லாத ஊருன்னா ஆக்கிரமிப்பு, எறங்கிப் போன்னுதான் சொல்லுவாங்க.

உங்க தாத்தா வெச்ச பலாமரமா? மரம் இருக்கட்டும். அதுக்குக் கீழ நீங்க இருக்கீங்கன்னு யாரு சொல்றது?

இங்க வேலை எப்படின்னு கேளுங்க. விமானத்துலேர்ந்து எடுத்த போட்டோ வரும். அது மேல கண்ணாடி மாதிரி ஒரு தாள விரிச்சு, மையால வரைவோம். ஓடைக்கு ஒரு கோடு, வீட்டுக்கு ஒரு புள்ளி. ஒரு தாளுக்கு மூணு வாரம். மை சிந்திட்டா முதல்லேர்ந்து வரையணும், அதான் ரூல். எவன் வரைவான்? சிந்துன மைய பிளேடால மெதுவா சொரண்டிருவோம். சொரண்டுன எடத்துல திரும்ப மை வெச்சா பரவிரும், மேலதிகாரி கண்டுபிடிச்சிருவாரு. அதனால அங்க இருந்த கோடு, புள்ளி எல்லாம் போனாலும் வெறுமையா விட்டுருவோம். பெரும்பாலும் அது வெறும் காடுதான். ஒண்ணும் ஆகாது.

பெரும்பாலும்.

போட்டோவா? ஹவ், ஆமா, இருக்கு, பீரோவுக்குள்ள. வெளியாளுக்குக் காட்ட மாட்டாங்க. உள்ள வேலை செய்யறவன் ஒருத்தன், மேப்பு தப்புன்னு எழுதிக் குடுத்தாத்தான் தொறப்பாங்க. குடுத்தவன் கதி? என்கொயரி, சஸ்பெண்டு. எனக்கு ரிட்டயர் ஆக நாலு மாசம் இருக்கு. பென்ஷன நிறுத்தி வெச்சாங்கன்னா மெட்டில்டாவுக்கு, அதான் என் வீட்டுக்காரிக்கு, மருந்துக்கு எங்க போவேன்? எவன் தம்பி எழுதுவான்? ராத்திரி வண்டியப் புடிச்சு ஊருக்குப் போயிருங்க.

என்ன பொட்டலம் இது? மலைப்பூண்டா? எனக்கா? ஒரு டீ வாங்கிக் குடுத்ததுக்கா? அட, வேணாங்க. உங்க கொல்லையில வெளைஞ்சதா?

சேம்பாறையில.

உங்க ஊரக் காலி பண்றது பத்தி கலெக்டர் ஆபீஸ்ல விசாரணை என்னைக்கு? வெள்ளிக்கிழமையா? இன்னைக்குத் திங்கள்.

உங்க கையில இருக்கற அந்த மேப்பு நகல விரிங்க. டீ கிளாஸ் தள்ளி வையுங்க, கறை பட்டுரும். கீழ இடது மூலையப் பாருங்க, பொடிசா ரெண்டு இங்கிலீஷ் எழுத்து இருக்கா? சி, இ. வரைஞ்சவன் அங்க தன் பேரோட முதல் எழுத்தப் போடுவான், இங்க அது வழக்கம்.

ஸ்லிப்புல யாரப் பாக்கணும்ங்கற எடத்தக் காலியா விட்டுட்டீங்களே. பேனாவக் குடுங்க, நானே எழுதறேன். என் பேருதான், கொர்னேலியஸ் ஏனோக், டிராயிங் செக்‌ஷன்.

என்ன விஷயமான்னு ஒரு கோடு இருக்கு பாருங்க. அதுல எழுதிக்கலாம், மேப்பு தப்பு, பத்தொம்போது புள்ளி.