இரண்டாவது ஊசி

"ஹலோ... மாமா, நாந்தான். வச்சுராதீக."

அரசாங்க ஆஸ்பத்திரியின் மருந்து ஜன்னலுக்குப் பக்கத்தில் நின்று பேசினாள் சொர்ணலதா. ஐந்து மாதக் கர்ப்பிணி. போனில் இருந்த கணவன் சுரேஷ்கண்ணன், மலையில் வண்டன்மேட்டு ஏலக்காய்த் தோட்டங்களுக்கு ஆள் ஏற்றும் ஜீப்பை ஓட்டுகிறான். வாரம் ஒருமுறைதான் வீட்டுக்கு, காமயகவுண்டன்பட்டிக்கு இறங்குவான்.

"ஆமா... ஆமா, ரெண்டாந்தடவையும் ரத்தத்தப் பாத்துட்டாக. அதேதான். சிபிலிசாம்... இல்ல, எய்ட்ஸ் இல்ல மாமா. பென்சிலின் ஊசிலயே போயிரும். வாரத்துக்கு ஒண்ணு, மொத்தம் மூணு. எனக்கு இன்னைக்கு ரெண்டாவது. நீங்களும் வரணும்..."

மறுமுனையில் குரல் உயர்ந்தது. வரிசையில் நின்ற பெண்கள் திரும்பினார்கள். அவள் போனைக் காதோடு அழுத்திக்கொண்டு சுவர்ப் பக்கம் ஒதுங்கினாள்.

"என்னையவா கேக்குறீக?... என்னையவா? நீங்க எங்க போனீக, யாருகிட்டப் போனீகன்னு நான் கேட்டேனா? கேக்கல. இனியும் கேக்கல. ஊசிய மட்டும் போட்டுக்கங்க. நீங்க போடலைன்னா எனக்குத் திரும்ப வந்துருமாம். எனக்கு வந்தா வயித்துல இருக்குறதுக்கும்..."

போன வருடம் அவளுக்கு ஏழாம் மாதத்தில் ஒரு பெண் குழந்தை உயிரில்லாமல் பிறந்தது. ராசியில்லாதவள் என்று மாமியார் சொன்னதை அவளும் நம்பியிருந்தாள். போன வாரம் நர்ஸ் ஜோதிலட்சுமி விவரம் சொல்லும்வரை.

"நம்ம பாப்பா மாமா... அதுவும் இதாலதான் இருக்கும்ங்கிறாக."

மறுமுனையில் ஜீப் உறுமும் சத்தம் மட்டும் கேட்டது.

"ஹலோ... இருக்கீகளா?... ம்... வேணாம், கடைல மாத்திர வாங்கித் திங்காதீக, அது கேக்காது... ம்... யாருக்கும் தெரியாது. தனி ரூம்புதான். நானும் கூட நிக்கிறேன்... என்னது?... வலிக்கும். இடுப்புல போடுவாக. ரெண்டு நாளைக்கு உக்கார முடியாது. நான் தாங்குறேன்ல... நாளைக்குக் காலைல வந்துருவீகளா? மாமா?... ஹலோ... ஹலோ..."

லைன் அறுந்திருந்தது. மறுபடி மறுபடி போட்டாள். கிடைக்கவில்லை. மலையில் சிக்னல் போனதா, அவனே அணைத்துவிட்டானா, தெரியவில்லை.

உள்ளே அவள் பெயரைக் கூப்பிட்டார்கள். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு போனாள். ஜோதிலட்சுமி ஊசி மருந்தைக் கலக்கிக்கொண்டிருந்தாள்.

"சிஸ்டர், அவுக நம்பர எழுதிக்கங்க," என்றாள் சொர்ணலதா, கட்டிலில் ஒருக்களித்துப் படுத்தபடி. "நீங்க ஒருக்கா கூப்பிட்டுச் சொல்லுங்க. நான் சொன்னா பொண்டாட்டி பேச்சுதானன்னு விட்டுருவாக."