பை வைக்காத சட்டை

— பாக்கெட் வைக்க வேணாம்னு ரெண்டு தரம் சென்னீங்க மகள். எனக்கு மொத தரமே கேட்டிச்சு. ஒங்கட டிலுக்ஷிக்குத்தானே சட்ட?

— ஆமாங்க ராத்தா. வர்ற செவ்வாக்கெழம பேரு வைக்கிறாங்க. வெள்ளத் துணி, முழங்காலுக்குக் கீழ எறங்கணும்.

— ஒம்பது வயசுப் புள்ள இவ்வளவு நாளா பேரில்லாமலா ஈந்திச்சு?

— நிஷாந்தி, நீ சும்மா இரு, நான் சொல்றேன். ராத்தா, நாங்க புதுப்பேரு சபையில சேந்துட்டோம். ரிவர்ஸ்டன் போற பாதையில இருக்கு. சபைய நடத்துற ஐயா சொல்றது என்னன்னா, நோயி ஒடம்புல ஒட்டுறதில்ல, பேர்லதான் ஒட்டுது. பேர மாத்திட்டா அது தேடி வந்து ஏமாந்து போயிரும். அவருக்கே சீனி வருத்தம், சக்கர நோயி இருந்துச்சு. "அது வேலாயுதத்துக்கு வந்த வருத்தம், வேலாயுதம் போய்ச் சேந்து ஏழு வருஷமாச்சு"ன்னு தன்னோட பழைய பேர வச்சுக் கூட்டத்துக்குக் கூட்டம் சொல்லுவாரு.

— அப்ப ஜீவராஜ் தம்பி, நீங்களும் பேர மாத்திட்டீங்களா?

— கதிரோன். எல்கடுவ தோட்டத்து லயத்துல இன்னும் பழைய பேர்லதான் கூப்புடுறாங்க. நான் திரும்பிப் பாக்குறதில்ல.

— கங்காணி கூப்புட்டாலுமா?

— அதுக்கு மட்டும் திரும்புவாருங்க ராத்தா.

— இந்த மிஷின்ல ஒக்காந்துக்கிட்டே நான் எத்தின கூட்டத்தப் பாத்துட்டேன். ரத்தோட்டையில ஒரு கூட்டம், பொத்தானே ஆகாது. பூட்டுன ஒடம்புல அருள் எறங்காதாம், எல்லாத்துக்கும் நாடாதான். உக்குவளைப் பக்கம் இன்னொண்டு, கறுப்பு நூல் ஒரு இழ பட்டாலும் துணி திரும்பி வந்துரும். எங்கட நளீம் நானா ஒரு மனுசனுக்குப் பின்னால போய் மூணு மாசம் உப்பே தொடல்ல. கடைசில ஆஸ்பத்திரியில உப்புத் தண்ணி ஏத்தித்தான் எழுப்பினாங்க. ஒங்கட ஆக்களுக்கு பாக்கெட்ல என்ன கோவம்?

— பாக்கெட் இருந்தா மனுஷன் பழசுல எதையாச்சும் ஒளிச்சு வைப்பான். அதான் வாசல்லயே அக்காமாரு தடவிப் பாத்துத்தான் உள்ள விடுவாங்க.

— அப்ப புள்ளட வலிப்பு மாத்திர?

— கிளினிக் கொப்பி டிலுக்ஷி பேர்ல இருக்கு. செவ்வாக்கெழமையோட அந்தப் பேரே இல்ல. இல்லாத ஆளுக்கு மாத்திர எதுக்கு?

— நிஷாந்தி மகள், நீங்க என்ன செல்றீங்க?

— அவரு சொன்னா சரிங்க.

— தை மாசம் இந்த வாங்குல ஒக்காந்து ஈந்தப்பதானே அந்தப் புள்ள விழுந்திச்சு? மாத்திர முடிஞ்சு ரெண்டே நாள்தான். வாயெல்லாம் நொர. நான் தலையப் புடிச்சுக்கிட்டு ஈந்தேன், நீங்க அழுத அழுக இன்னும் என்ட காதுல ஈக்கிது. இப்ப அவரு சென்னா சரியா? ஒங்களப் பாக்கவே எனக்கு ஆத்திரமா ஈக்கிது.

— ராத்தா, நீங்க தச்சுக் குடுங்க, அது போதும். எங்க ஐயாவுக்கும் நீங்கதான் தைக்கிறீங்களாமே. அவருக்கிட்ட இப்பிடியெல்லாம் கேட்டீங்களா?

— ஒருத்தர்ட அளவ இன்னொருத்தருக்குச் செல்ற பழக்கம் எனக்கில்ல தம்பி. செல்லத் தொடங்கினா இந்தக் கடைப் படிய யாரும் மிதிக்க மாட்டாங்க. ஒங்கட பஸ் எத்தின மணிக்கு?

— ஒன்றரைக்கு. நான் போயி சீட்டு புடிக்கிறேன். நிஷாந்தி, அளவக் குடுத்துட்டு சுருக்கா வா.

— கைய அகட்டி நிக்கத் தேவல்ல மகள், ஒங்களுக்கா தைக்கப் போறேன்? கொண்டாந்த புள்ளட பழைய கவுன எடுங்க, அளவெடுக்க.

— அவரு போயிட்டாரா ராத்தா?

— முடுக்கு திரும்பிட்டாரு. என்ன?

— கீழ்மடிப்ப ரெண்டு இஞ்சி அகலமா வைங்க. ஒரு எடத்துல மட்டும் தைக்காம விடுங்க, வெளிய தெரியக் கூடாது. மாத்திர உறை ஒண்ணு உள்ள போவணும். பேரு வச்சதுக்கப்புறம் மூணு நாளு அங்கயே தங்கணுமாம். மூணு நாளு மாத்திர இல்லாட்டி என்ன ஆவும்னு நீங்கதான் கண்ணால பாத்தீங்களே.

— யா அல்லாஹ். நான் ஒங்கள என்னவோ நெனச்சு ஏசிட்டேன்.

— ஏசுனது நல்லதுங்க. நானும் அவங்க ஆளுன்னு அவரு நம்பணும். இல்லாட்டி புள்ளய அவரு மட்டும் தூக்கிட்டுப் போயிருவாரு.

— மூணு நாளைக்குப் பொறகு? புள்ளட எல்லாச் சட்டையிலயும் மடிப்பு வைப்பீங்களா?

— அதுக்கு மேல எனக்கு ஒண்ணும் ஓடலங்க. பயமா இருக்கு.

— அழாதீங்க. அவரு வாறாரு.

— என்னா நிஷாந்தி, இன்னும் முடியலியா? பஸ்ஸுல ஆளு ஏறுது.

— முடிஞ்சிச்சு. தம்பி, கொஞ்சம் உள்ள வாங்க. இந்த ஜிப்பா யாருட?

— இது ஐயாவோடது! நேத்து கூட்டத்துல இதத்தானே போட்டிருந்தாரு.

— ஓம், கூட்டம் முடிஞ்ச கையோட கொண்டாந்து தந்தாரு. புதுசையும் இதே மாதிரி தைக்கச் சென்னாரு. வெட்டலாம்னு விரிச்சேன், அவரு எடுக்க மறந்தது உள்ள ஈக்கிது. முப்பது வருஷத்துல ஒருத்தர்ட துணிய இன்னொருத்தர்ட கையில குடுத்ததில்ல, இண்டைக்குக் குடுக்கிறேன். கீழ்மடிப்புல வெரல விடுங்க.

— என்னமோ கடதாசி மாதிரி இருக்கு.

— கிளினிக் உறை. சீனி வருத்த மாத்திர. மேல எழுதி ஈக்கிற பேரையும் திகதியையும் சத்தமா வாசிங்க தம்பி.

— வேலாயுதம். போன வியாழக்கெழம.