ஒரு கிளாஸ் தண்ணி

"உன்ரை ஒரு கிளாஸ் தண்ணியாலை ரயிலை விட்டிட்டம்!"

சுவிஸின் பாசல் ஸ்டேஷனில் இப்படிக் கத்துகிறவர் எங்கடை ஆளாகத்தான் இருக்கவேணும். திரும்பிப் பார்த்தேன். புருஷனும் மனைவியும், பைகள் கட்டிய இரண்டு சைக்கிள்களோடு.

"சைக்கிள் பூட்டை மறந்து வீட்டை திரும்பினனாங்கள்," எண்டா மனைவி. " திரும்பி வந்தால் இருந்து தண்ணி குடிச்சிட்டுத்தான் வெளிக்கிடவேணும். இல்லாட்டிப் பயணம் சரிவராது."

"இனிச் சைக்கிள் ஏத்துற ரயில் மத்தியானந்தான். முந்தி நீ உந்தச் சகுனமொண்டும் பாக்கிறேல்லையே!"

அவ அவர் பிடித்திருந்த சைக்கிளின் சீட்டைத் தடவினா.

"அண்டைக்கு எங்கடை பெடியன் ஹெல்மெட்டுக்குத் திரும்பி வந்தவன். வேலைக்குப் பிந்துதெண்டு நான்தான் தண்ணி குடிக்கவும் விடாமல் கலைச்சுவிட்டனான். பிறகு இந்தச் சைக்கிள் மட்டுந்தானே வீட்டை வந்தது."

அவர் தண்ணிப் போத்தலைத் திறந்து அவவிடம் நீட்டினார்.